46 வயதில் மருந்து அடிக்கும் ட்ரோன் தொழிலில் இறங்கலாமா? டெல்டாவில் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்

திருத்துறைப்பூண்டிக்காரன் – மே 9

எல்லோருக்கும் வணக்கம். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 21 வருடம் வேலை பார்த்தேன். கடைசி எட்டு வருடம் தரக்கட்டுப்பாட்டில் சூப்பர்வைசர். போன மாதம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டேன். கடன் எல்லாம் அடைத்தது போக கையில் 13 லட்சம் இருக்கிறது. பெண் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அப்பா பெயரில் 12 மா நிலம், அதாவது 4 ஏக்கர்.

எங்கள் பக்கம் இப்போது மருந்து அடிக்க ஆள் கிடைப்பதில்லை. போன சம்பாவில் அப்பா நான்கு நாள் அலைந்தும் ஆள் வரவில்லை. இலைச்சுருட்டுப்புழு வயல் முழுக்க வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததில் இருந்துதான் இந்த எண்ணம். ஒரு விற்பனையாளரிடம் பேசினேன். 10 லிட்டர் டேங்க் உள்ள ட்ரோன், நான்கு செட் பேட்டரி, ஜெனரேட்டர், பயிற்சி எல்லாம் சேர்த்து 7 லட்சத்துக்கு மேல் சொல்கிறார். நாளைக்கு 30 ஏக்கர் அடிக்கலாம், ஏக்கருக்கு 600 ரூபாய், செலவு போக மாதம் 1 லட்சம் நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த வாரத்துக்குள் 50 ஆயிரம் முன்பணம் கட்டினால் குறுவைக்கு முன் வண்டி வந்துவிடுமாம்.

இந்தக் கணக்கு உண்மையா? இந்த வயதில் லைசென்ஸ் கிடைக்குமா? மானியம் உண்டா? வீட்டில் மனைவிக்குப் பயம். பெண்ணின் படிப்புக்கு வைத்த பணமும் இதில்தான் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

வெண்ணாறு – மே 9

அண்ணே, முதலில் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் நீடாமங்கலம் பக்கம் நான்கு வருடமாக ஓட்டுகிறேன். போன வருடக் கணக்கு நோட்டு முன்னால் இருக்கிறது, அதைப் பார்த்தே எழுதுகிறேன். வருடம் முழுக்க நான் பறந்தது 118 நாள். அடித்தது 1,870 ஏக்கர். நாளைக்குச் சராசரி 16 ஏக்கர் கூட வரவில்லை. 30 ஏக்கர் அடித்த நாள் என்று பார்த்தால் இரண்டே இரண்டு. ஒரு பெரிய பண்ணையில் ஒரே வளைவாக ஏழு வேலி, அதாவது சுமார் 46 ஏக்கர் நிலம், அங்கே மட்டும்தான் முடிந்தது. மற்ற நாளெல்லாம் இங்கே மூன்று மா, அங்கே ஐந்து மா. ஒரு வயலில் இருந்து அடுத்த வயலுக்கு வண்டி, ஜெனரேட்டர், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவதிலேயே நேரம் போய்விடும்.

காலை 6 மணிக்குத் தொடங்கினால் 10 மணிக்குள் காற்று எழும்பிவிடும். திரும்ப மாலை 4 மணிக்குமேல் இருட்டும் வரை. நடுவில் அடித்தால் மருந்து காற்றோடு போகும். ஆடி மாதத்தில் காலை எட்டரைக்கே மூட்டை கட்டிய நாட்கள் உண்டு.

இப்போது காசு. எங்கள் பக்கம் தொடங்கும்போது ஏக்கர் 600 இருந்தது. ட்ரோன் பெருகியதும் 500 ஆகிவிட்டது. அதில் ஒரு ஏக்கருக்கு என் செலவு:

பேட்டரி செட் ஒன்று 40 ஆயிரம். எனக்கு ஒரு செட் சுமார் 280 முறை சார்ஜ் தாங்கியது, ஒரு சார்ஜுக்கு ஒரு ஏக்கர். ஆக ஏக்கருக்கு 143 ரூபாய் பேட்டரியே தின்கிறது. விற்பனையாளர் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் 60. உதவியாளுக்கு 50. ட்ரோனை ஏற்றிப் போகும் வண்டிக்கு 35. ஊரில் ஏக்கர் சேர்த்துக் கொடுப்பவருக்கு 50. மொத்தம் 338. மிச்சம் 162 ரூபாய்.

1,870 ஏக்கருக்கு 3 லட்சம் வருகிறது. இதில் இன்சூரன்ஸ், ரிப்பேர், நாசில், இறக்கை என்று 70 ஆயிரம் போனது. நின்றது 2 லட்சத்து 30 ஆயிரம். கடன் தவணை இருந்தால் அதுவும் இதிலிருந்துதான் போக வேண்டும். மாதத்துக்குப் பிரித்தால் 20 ஆயிரத்துக்கும் கீழே. அதுவும் மாதா மாதம் வராது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். சித்திரையில் ஒன்றும் இருக்காது.

நான் இந்தத் தொழிலை விடப்போவதில்லை, எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் மாதம் 1 லட்சம் என்று நம்பி வந்தவர்கள் இரண்டு பேர் என் பக்கத்து ஊரிலேயே ட்ரோனைப் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

திருத்துறைப்பூண்டிக்காரன் – மே 9

மிக்க நன்றி தம்பி. இப்படி ரூபாய் ரூபாயாக யாரும் சொல்லவில்லை. விற்பனையாளர் கணக்கில் பேட்டரித் தேய்மானம் என்று ஒரு வரியே இல்லை. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் ஒரு டூல் எத்தனை பீஸுக்குத் தாங்கும் என்று கணக்கு வைக்காமல் விலை போடவே மாட்டோம். எனக்கே இது தோன்றாமல் போனது.

கேமராக்கண் – மே 10

சார், நான் கல்யாண வீடியோ எடுப்பவன். 10 லிட்டர் ட்ரோனுக்குப் பதிலாகச் சின்ன கேமரா ட்ரோன் வாங்கிப் படம் எடுக்கலாமே என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். முகூர்த்த நாளில் மட்டும்தான் வேலை. ஏற்கெனவே ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு ட்ரோன் ஒரு கூடுதல் வசதி, அவ்வளவுதான். அதை மட்டும் நம்பி வாழ முடியாது. இன்னொன்று, 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோனாக வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. யாராவது வெளிநாட்டு ட்ரோனைப் பில் இல்லாமல் மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அடையாள எண் வாங்க முடியாது, எங்காவது பிடித்தால் வண்டியும் போய்விடும்.

வெண்ணாறு – மே 10

லைசென்ஸ் கேட்டிருந்தீர்கள், நேற்று விட்டுவிட்டேன். வயது ஒரு தடையே இல்லை. 18 முதல் 65 வரை எடுக்கலாம், பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். டி.ஜி.சி.ஏ., அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் பயிற்சி முடித்தால் ரிமோட் பைலட் சான்றிதழ் வரும், 10 வருடம் செல்லும். எடைப்படி 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். நம் 10 லிட்டர் வண்டி தண்ணீர், பேட்டரியோடு சேர்த்து ஸ்மால் வகையில் வரும், அதற்கான பயிற்சியையே எடுங்கள். தமிழக அரசின் ஆளில்லா விமானக் கழகமும் சென்னையில் பயிற்சி கொடுக்கிறது. தனியார் நிலையங்களும் இருக்கின்றன. போகுமுன் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று டி.ஜி.சி.ஏ. பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இடம். ட்ரோன் பறக்கும் இடங்களை அரசு பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். நாம் பயிருக்கு மேல் இரண்டு, இரண்டரை மீட்டரில்தான் ஓட்டுகிறோம், அதனால் உயரம் பிரச்சினையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் விமான நிலையச் சுற்றுச்சுவரில் இருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையில் இருந்தே மஞ்சள் மண்டலம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலம் என்றால் மத்திய அரசு அனுமதி. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020 ஜனவரியில் இருந்து சுகோய் படைப்பிரிவே அங்கே நிற்கிறது. தஞ்சை நகரைச் சுற்றி வேலை வந்தால் வாய் வார்த்தையை நம்பாமல் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த வயலைக் குறித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். முக்கியப் பிரமுகர் வருகை என்றால் போலீஸ் எஸ்.பி. அளவிலேயே 96 மணி நேரம் வரை ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும். எனக்கு ஒருமுறை அப்படி இரண்டு நாள் போயிற்று. மருந்து வாங்கி வைத்த விவசாயியிடம் முதல் நாள் மாலையே சொல்லிவிட்டதால் பெரிய மனத்தாங்கல் இல்லை.

கோவை அளவர் – மே 11

நான் சர்வே பக்கம். டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி வைத்து 15 வருடம் அளந்துவிட்டு ட்ரோனுக்கு வந்தவன். கல்குவாரியில் எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்று கன அளவு எடுப்பது, சாலை போடும் பாதையை அளப்பது, சூரிய மின் பூங்காவில் வெப்பக் கேமராவால் பழுதான பலகையைக் கண்டுபிடிப்பது, இவைதான் என் வேலை. கூலி மருந்து அடிப்பதைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் படம் எடுப்பது வேலையில் கால் பங்குதான். தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளி (துல்லியமாக அளந்து வைக்கும் அடையாளக் குறி) வைக்கத் தெரிய வேண்டும், வீட்டில் உட்கார்ந்து மென்பொருளில் படங்களைக் கோர்க்கத் தெரிய வேண்டும், அறிக்கையில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பு ஏற்க வேண்டும். பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும்; அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் இருப்பு வேண்டும்.

உங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர் நீங்கள். பழுதைத் தேடிக் கண்டுபிடித்து, எண் போட்டு, ஆவணமாக்கும் பழக்கம் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து சோலார் பரிசோதனைப் பக்கம் வர அது உதவும். இப்போது வேண்டாம். முதலில் ஏதாவது ஒரு ட்ரோனை இருநூறு மணி நேரம் ஓட்டுங்கள்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் – மே 12

தம்பிகளே, ஓட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். விவசாயி உங்களைக் கூப்பிடுவது பூச்சி சாவதற்காக. பூச்சி சாகாவிட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏக்கருக்கு 60 மில்லி என்று மருந்தின் லேபிளில் இருந்தால், கைத்தெளிப்பானில் 200 லிட்டரில் கலந்தாலும் ட்ரோனில் 10 லிட்டரில் கலந்தாலும் அதே 60 மில்லிதான். தண்ணீர் குறைகிறது என்பதற்காக மருந்தைக் குறைத்துவிடாதீர்கள். சிலர் பாதி மருந்து போதும் என்று விவசாயியிடம் சொல்லி ஆள் பிடிக்கிறார்கள். அது அந்த ஒரு வயலைக் கெடுப்பதோடு நிற்காது, பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தியையும் வளர்த்துவிடும்.

இலைச்சுருட்டுப்புழுவுக்கு ட்ரோன் நன்றாக வேலை செய்யும். புழு மேல் இலையில் இருக்கிறது. கதிர் நாவாய்ப்பூச்சிக்கும் சரி. புகையான் அப்படியல்ல. அது தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். நன்றாகக் கட்டிய பயிரில் மேலிருந்து விழும் நுண்துளி அடிவரை போய்ச் சேராது. வயலை வடித்து, எட்டடிக்கு ஒரு நடை இடைவெளி பிரித்து, தூரில் படும்படி கையால் அடிப்பதுதான் அதற்கு வழி. அப்படி ஒரு வயலுக்குக் கூப்பிட்டால் இது என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். புகையான் இருக்கும் வயலில் செயற்கைப் பைரித்ராய்டு மருந்தை அடித்தால் பூச்சி இன்னும் பெருகும். விவசாயி கடைக்காரர் கொடுத்ததை நீட்டுவார்; அதைப் படித்துப் பார்க்கும் அறிவு ஓட்டுபவருக்கு வேண்டும்.

திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை பக்கம் இறால் குட்டைகள் இருக்கின்றன. அதே பைரித்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் அடித்தால் ஒரு குட்டையே போய்விடும், அந்த நட்டத்தை உங்களால் கட்ட முடியாது. களைக்கொல்லியில் 2,4-டி பருத்திக்கு ஆகாது. கோடைப் பருத்தி இன்னும் நிற்கும்போது பக்கத்து வயலில் ட்ரோனில் அதை அடித்து, பருத்தி இலையெல்லாம் விரல் விரலாகச் சுருங்கிப் பஞ்சாயத்து வரை போனதை நானே பார்த்திருக்கிறேன். களைக்கொல்லி வேலையை முதல் வருடம் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

தூள் மருந்தை 10 லிட்டரில் கலந்தால் கெட்டியாகி நாசில் அடைக்கும். இரண்டு மருந்தைச் சேர்க்கச் சொன்னால் முதலில் ஒரு பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். திரிந்தால் டேங்கில் ஊற்றாதீர்கள்.

தெளிப்பான்காரர் மகன் – மே 12

ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. எங்கள் அப்பா இருபது வருடம் முதுகில் டேங்க் கட்டி மருந்து அடித்தவர். முகத்தில் ஒரு துண்டு, காலில் ஒன்றும் இல்லை. ஒருநாள் வயலிலேயே வாந்தி எடுத்து விழுந்து, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். ட்ரோன் வந்தது நல்லது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அவருக்குக் கிடைத்துவந்த டேங்குக் கூலி நின்றதும் உண்மை.

புதிதாகத் தொடங்குபவர்களிடம் கேட்டுக்கொள்வது இது. உதவிக்கு வெளியூர்ப் பையனை வைக்காமல், அந்த ஊரில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவரையே வையுங்கள். எந்த வயல் யாருடையது, எந்த வரப்பு வழுக்கும், எங்கே ஈ.பி. கம்பி தாழ்வாகத் தொங்குகிறது, யாரிடம் காசு நேரத்துக்கு வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அப்புறம் அவருக்குக் கையுறையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள். 200 லிட்டரில் போக வேண்டிய மருந்து 10 லிட்டரில் இருக்கிறது என்றால் அந்தத் தண்ணீர் இருபது மடங்கு வீரியம். ரிமோட் பிடிப்பவர் தள்ளி நிற்கிறார், கலக்கி ஊற்றுபவர் கைதான் அதில் நனைகிறது.

திருத்துறைப்பூண்டிக்காரன் – மே 13

தம்பி, உங்கள் அப்பா இப்போது நலமா? நீங்கள் எழுதியதை மனைவியிடமும் படித்துக் காட்டினேன். எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார். அப்பாவின் வயலுக்குப் பல வருடம் அடித்தவர். இதில் இறங்கினால் அவரைத்தான் கூப்பிடுவேன், கையுறையோடு.

தெளிப்பான்காரர் மகன் – மே 13

நலமாக இருக்கிறார் அண்ணா. இப்போது ஆடு வளர்க்கிறார்.

உளுந்தூர்ப்பேட்டை மகளிர் குழு – மே 15

அண்ணா, நான் மகளிர் குழு மூலம் ட்ரோன் ஓட்டுகிறேன். முதல் கட்டத்தில் உர நிறுவனம் வழியாக வந்த வண்டி. மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் குழுவுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் வரை மானியம். அது குழுக்களுக்கு மட்டுமே, தனி ஆளுக்குக் கிடைக்காது. உங்கள் மனைவி ஏதாவது குழுவில் இருந்தால் வட்டார அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

தனி ஆளாக வாங்கினால் வேறு திட்டம். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், 5 லட்சம் வரை. மற்ற விவசாயிகளுக்கு 40 சதவீதம், 4 லட்சம் வரை. வாடகை மையம் வைக்கும் வேளாண் பட்டதாரிகளுக்கும் 50 சதவீதம். உங்கள் நிலம் அப்பா பெயரில் இருப்பதால் சிறு விவசாயிச் சான்று அவர் பெயரில்தான் வரும், விண்ணப்பமும் அப்படியே போக வேண்டியிருக்கும். வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் முதலில் போய் உட்கார்ந்து பேசுங்கள். அனுமதி ஆணை கைக்கு வருவதற்கு முன் கடையில் பணம் கட்டிவிட்டால் மானியம் கிடைக்காமல் போகலாம். எங்கள் பக்கம் ஒருவருக்கு அப்படி ஆகிவிட்டது.

வேலையைப் பற்றி என் அனுபவம். நெற்பயிரை மட்டும் நம்ப வேண்டாம். எங்களுக்குச் சோறு போடுவது கரும்பு. ஆறு மாதக் கரும்புக்குள் ஆள் நுழைந்து மருந்து அடிக்க முடியாது, சோகை (கரும்பு இலை) உடம்பைக் கிழிக்கும். அங்கே ட்ரோனுக்குப் போட்டியே கிடையாது, கூலியைக் குறைத்துக் கேட்கவும் மாட்டார்கள். மக்காச்சோளமும் அப்படித்தான், தலைக்கு மேல் வளர்ந்த பிறகு படைப்புழுவுக்கு அடிக்க வேறு வழி இல்லை. ஆள் போக முடியாத பயிர் உங்கள் ஊரில் இருந்து வண்டி போகும் தூரத்தில் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். நெல் சும்மா இருக்கும் மாதத்தில் அதுதான் கைகொடுக்கும்.

வண்டியின் கனத்தையும் மனதில் வையுங்கள். ஒரு நாளில் இருபது முறை தூக்கி இறக்க வேண்டும். எனக்கு முதல் மாதம் இடுப்பே போய்விட்டது. இப்போது நானும் என் நாத்தனாரும் சேர்ந்தே தூக்குகிறோம்.

வெண்ணாறு – மே 15

கரும்பு பற்றி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்கு அது தெரிந்திருந்தால் முதல் வருடமே திருக்காட்டுப்பள்ளி பக்கம் போயிருப்பேன்.

நான் பட்டதையும் எழுதிவிடுகிறேன். இரண்டாவது வருடம், சம்பா உச்சத்தில், மாலை ஆறு மணி. இன்னும் இரண்டு மா மட்டும்தான் பாக்கி. விவசாயி "முடிச்சிட்டுப் போயிடு தம்பி" என்றார். மேகம் வேறு. ஈ.பி. கம்பத்தின் இழுவைக் கம்பி, விரல் பருமன்கூட இருக்காது, அந்த வெளிச்சத்தில் தெரியவே இல்லை. வண்டி அதில் மோதி வரப்பில் விழுந்தது. ட்ரோனின் இரண்டு கை உடைந்தது, ஒரு மோட்டார், பம்ப் எல்லாம் போயிற்று. ரிப்பேர் 62 ஆயிரம். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். உதிரிபாகம் வர 19 நாள் ஆனது. அந்த 19 நாளில் எனக்கு இருந்த 300 ஏக்கர் வேறு ஆட்களிடம் போனது, அதில் பாதி திரும்ப வரவில்லை. கட்டாயம் எடுக்க வேண்டிய மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும்தான் என்னிடம் இருந்தது. அது மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கு. நம் வண்டிக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

அதனால் எந்த ட்ரோன் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, எந்தக் கம்பெனிக்கு 50 கிலோமீட்டருக்குள் சர்வீஸ் ஆளும் உதிரிபாகமும் இருக்கிறதோ அதை வாங்குங்கள். டைப் சான்றிதழ் (அந்த மாடலுக்கு அரசு தரும் அங்கீகாரம்) உள்ள மாடலாக மட்டும் இருக்கட்டும். திரை பெரிதா, பறக்கும் நேரம் ஒரு நிமிடம் கூடவா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இப்போது புது வயலுக்குப் போனால் முதலில் ரிமோட்டை எடுப்பதே இல்லை. வரப்பில் ஒரு சுற்று நடக்கிறேன். கம்பம், கம்பி, தென்னை, கொக்கு கூடு கட்டிய மரம், எல்லாம் பார்த்த பிறகுதான் பேட்டரி மாட்டுவேன்.

ஒன்பது மா விவசாயி – மே 17

கூப்பிடுகிற பக்கத்தில் இருந்து ஒருவன் பேசலாமா? எனக்கு 9 மா, அதாவது 3 ஏக்கர். போன வருடம் ட்ரோன் வைத்தேன். திரையில் 2.7 ஏக்கர் என்று காட்டுகிறது, அதற்குத்தான் காசு என்று முதலிலேயே அந்தத் தம்பி காட்டிவிட்டார், எனக்கும் 30 சென்டு காசு மிச்சம். வேறொருவர் நான் சொன்ன 9 மாவுக்கே கணக்குப் போட்டு வாங்கியிருந்தார். வரப்பும் வாய்க்காலும் போக உள்ளே எவ்வளவு என்று ட்ரோனுக்குத் தெரியும்போது அதை எங்களுக்கும் காட்டுவதுதான் முறை.

இன்னொன்று, வருகிறேன் என்று சொன்ன நாளில் வாருங்கள். புழு நமக்காக இரண்டு நாள் காத்திருக்காது. மழையோ காற்றோ என்றால் போன் பண்ணிச் சொன்னால் புரிந்துகொள்வோம். போனையே எடுக்காதவரை எங்கள் தெருவில் யாரும் மறுபடி கூப்பிடவில்லை. ஏக்கருக்கு 50 ரூபாய் கூடக் கொடுக்கவும் தயார், ஆனால் ஓரத்தில் விடுபட்ட இடத்தைத் திரும்ப அடித்துக் கொடுக்க வேண்டும்.

திருத்துறைப்பூண்டிக்காரன் – மே 18

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நானும் மனைவியும் மூன்று நாள் பேசினோம். முன்பணம் கட்டவில்லை. வெண்ணாறு தம்பியோடு தனியாகப் பேசினேன். குறுவைக்கு அவரோடு உதவியாளாகப் போகிறேன். நாளைக்கு 700 ரூபாய், சாப்பாடு. 21 வருடம் தொழிற்சாலையில் இருந்துவிட்டு டேங்கில் தண்ணீர் ஊற்றப் போகிறாயா என்று அண்ணன் கேட்டார். ஆமாம் என்றேன்.

வெண்ணாறு – மே 18

பாட்டில், தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றது இங்கே இருக்கிறது.

திருத்துறைப்பூண்டிக்காரன் – செப்டம்பர் 21

குறுவை முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

வெண்ணாறு தம்பியோடு 41 நாள் போனேன். மொத்தம் 588 ஏக்கர். அதிகபட்சம் ஒரு நாளில் 27, குறைந்தபட்சம் 3. இவை தவிர ஆறு நாள் வீட்டில் இருந்து கிளம்பிப் போயும் காற்று, மழையால் ஒரு சொட்டுகூட அடிக்காமல் திரும்பினோம். முதல் வாரம் கையும் தோளும் கழன்றுவிடும் போல இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

தொழிற்சாலைப் பழக்கத்தில் ஒவ்வொரு பேட்டரி செட்டுக்கும் எண் ஒட்டி, எத்தனையாவது சார்ஜ், இறங்கும்போது எவ்வளவு வோல்ட், சூடு எப்படி என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன். மூன்றாம் எண் செட்டில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் இறங்குவது இரண்டாவது வாரத்திலேயே தெரிந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தோம். பறக்கும்போது அது கைவிட்டிருந்தால் வண்டி விழுந்திருக்கும் என்று தம்பி சொன்னார். இறக்கியதும் சூடோடு சார்ஜ் போடுவதை நிறுத்தி, நிழலில் ஈரத்துணி பக்கம் வைத்து ஆறவிட்ட பிறகே போட்டோம். இரவில் வீட்டு மின்சாரத்தில் நான்கு செட்டையும் நிரப்பிக்கொண்டு போனால் காலையில் முதல் நான்கு ஏக்கருக்கு ஜெனரேட்டரே வேண்டாம். பெட்ரோல் செலவு ஏக்கருக்கு 60-இல் இருந்து 46-க்கு வந்திருக்கிறது.

ஒருநாள் புகையான் வயலுக்குக் கூப்பிட்டார்கள். தூரை விரித்துப் பார்த்தோம், அடியில் கருப்பாக அப்பியிருந்தது. வேளாண் அலுவலர் ஐயா எழுதியதைச் சொல்லி, தண்ணீரை வடித்துக் கையால் அடியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அன்று 12 மாவுக்கான காசு போயிற்று. அடுத்த வாரம் அவரே தன் மைத்துனரின் 20 மாவுக்குக் கூப்பிட்டார்.

ஆகஸ்டில் பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். ட்ரோன் இன்னும் வாங்கவில்லை. அப்பா பெயரில் மானிய விண்ணப்பம் போட்டிருக்கிறேன், ஆணை வந்த பிறகுதான் வாங்குவேன். 2025 செப்டம்பர் 22 முதல் ட்ரோனுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், ஆனால் என்னிடம் முதலில் கொடுத்த விலைப்பட்டியலில் பழைய வரியே இருந்தது, வாங்குபவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பாவுக்கு வெண்ணாறு தம்பியின் இரண்டாவது வண்டியை நான் ஓட்டுகிறேன், ஏக்கருக்கு இவ்வளவு என்று பங்கு. எங்கள் தெருவில் மருந்து அடித்துவந்தவர் என்னோடு வருகிறார். 13 லட்சத்தில் பெண்ணின் படிப்புக்கு 6 லட்சத்தைத் தனியாக வங்கியில் போட்டாயிற்று. அதைத் தொடப்போவதில்லை.

உளுந்தூர்ப்பேட்டை அக்காவுக்கு ஒரு கேள்வி. மார்கழிக்குப் பிறகு கரும்புக்கு உங்கள் பக்கம் வந்தால் வேலை இருக்குமா?

உளுந்தூர்ப்பேட்டை மகளிர் குழு – செப்டம்பர் 21

இருக்கும் அண்ணா. தைக்கு மேல் வெட்டு நடக்கும், மறுதாம்பு (வெட்டிய கட்டையில் துளிர்க்கும் கரும்பு) வளர்ந்து ஆள் நுழைய முடியாத அளவுக்கு வரும்போது எங்கள் ஒரு வண்டி போதாது. அப்போது கூப்பிடுகிறேன். தங்க இடம் எங்கள் குழுக் கட்டடத்திலேயே உண்டு.

ஒன்பது மா விவசாயி – செப்டம்பர் 22

நம் ஊர்ப் பக்கம்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் என் 9 மாவையும் எழுதிக்கொள்ளுங்கள். நாற்று விட்டாயிற்று. நட்டு முப்பதாம் நாள் ஒருமுறை வந்து பயிரைப் பாருங்கள். புழு இருந்தால் அடிக்கலாம்.